காப்பும் அணியும்

மின்கிட்டாரின் மார்புத் தகட்டைப் பற்றி ஓர் ஆய்வு

அழகு எங்கே இருக்கிறது? பொருளில் இருக்கிறதா, பார்க்கும் கண்ணில் இருக்கிறதா? இந்த வினாவைத் தத்துவ வகுப்பில் கேட்டால் நமக்குக் கொட்டாவி வருகிறது. அதே வினா ஒரு கிட்டாரைச் சுற்றி விடுதி அறையில் எழுந்தபோது, இரவு ஒரு மணி வரை ஒருவரும் உறங்கவில்லை.

நடந்தது இதுதான். நம் மன்றத்தின் பொங்கல் விழாவிற்கு ஒன்பது நாள் இருந்தது. இசை நிகழ்ச்சியில் வாசிக்க வேண்டிய நாகர்கோவில் நண்பர் தம் மின்கிட்டாரைக் கட்டிலின் மேல் கிடத்தியிருந்தார். அவருடைய அண்ணன் இந்நகரில் படித்த காலத்தில் வாங்கிய கருவி அது. அண்ணன் வேலை தேடி வளைகுடா நாட்டுக்குப் புறப்பட்டபோது, தம்பியின் கையில் ஒப்படைத்துச் சென்றார். நீல உடல், அதன் மார்பில் திருகாணிகளால் பொருத்திய வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு. வெள்ளை என்பது பழைய பெருமை. மஞ்சள் படிந்து, கீறல் விழுந்து, மூலையில் சிறு விரிசலும் கண்டு, தகடு முதுமை எய்தியிருந்தது.

“இதைக் கழற்றி எறிந்தால் கிட்டார் புதுமாப்பிள்ளை போல் இருக்கும்” என்றது ஒரு கட்சி. “தகடு போனால் மீசை மழித்த கட்டபொம்மன் போல் இருக்கும்” என்றது மறுகட்சி. இருபக்கமும் வாக்கு சமமாக விழுந்தது. ஆராயாமல் தீர்ப்புக் கூறுவது மாணவர்க்கு அழகன்று. ஆகவே இந்தத் தகட்டின் வரலாற்றையும் தொழிலையும் சற்று ஆராய்வோம்.

தகடு எதற்காக வந்தது?

இத்தகட்டைப் ‘பிக்கார்டு’ என்கிறார்கள். கிட்டாரின் கம்பிகளை மீட்டுவதற்கு விரலிடுக்கில் பிடிக்கும் சிறு வில்லைக்குப் ‘பிக்’ என்று பெயர். கையை வீசி எல்லாக் கம்பிகளையும் சேர்த்து அடிக்கும்போது பிக் கம்பியைத் தாண்டி மரத்தையும் உரசும். நாள்தோறும் உரசினால் மெருகு போகும். பிறகு மரமும் தேயும். இதைத் தடுப்பதற்கு வந்ததே பிக்கார்டு. தமிழில் காப்புத் தகடு எனலாம்.

தகடு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சனின் கிட்டாரே சான்று. 1969ஆம் ஆண்டில் அவர் வாங்கிய மார்ட்டின் நிறுவனக் கிட்டார் நைலான் தந்தி பூட்டியது. விரலால் மீட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. விரலுக்குக் காப்பு எதற்கு என்று செய்தவர்கள் தகடு வைக்கவில்லை. நெல்சனோ அதைப் பிக்கால் வாசித்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல முகப்பலகை தேய்ந்து, ஒலித்துளைக்கு அருகே இன்னொரு துளையே விழுந்துவிட்டது.

ஸ்பெயின் நாட்டு பிளமெங்கோ கலைஞர்களும் விரலால்தான் வாசிக்கிறார்கள். ஆனால் அவர்கள் தாளத்திற்காகப் பலகையைத் தட்டுவார்கள். ஆகவே அவர்களுடைய கிட்டாரில் தட்டும் இடத்தில் மெல்லிய தகடு ஒட்டியிருக்கும். கை படும் இடத்தில் காப்பு. படாத இடத்தில் வெறும் மரம். இதுவே தொடக்க கால முறை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிப்சன் நிறுவனம் இன்னொரு வகையைக் கொண்டுவந்தது. வயலினைப் போல் முகப்பு வளைந்த கிட்டாரில் கம்பிகள் பலகைக்கு வெகு உயரத்தில் செல்லும். அங்கே தகட்டைப் பலகையோடு ஒட்டினால் விரலுக்கு எட்டாது. எனவே தகட்டை ஒரு தாங்கியில் நிறுத்தி, பலகைக்கு மேலே மிதக்கவிட்டார்கள். அது காப்பாகவும் ஆயிற்று. வாசிப்பவர் விரலை ஊன்றிக்கொள்ளும் திண்ணையாகவும் ஆயிற்று.

இரு பள்ளிகள்

மின்கிட்டார் பிறந்தபோது தகட்டின் வாழ்வில் புதிய அத்தியாயம் தொடங்கியது. இங்கே இரண்டு பள்ளிகளைப் பிரித்தறிய வேண்டும்.

முதலாவது பெண்டர் பள்ளி. அதன் நிறுவனர் லியோ பெண்டர் வானொலிப் பெட்டி பழுது பார்த்தவர். கிட்டாரையும் அவர் வானொலிப் பெட்டியைப் போலவே நினைத்தார்: பாகம் பாகமாகச் செய்ய வேண்டும், பழுது வந்தால் திருகாணியைக் கழற்றிச் சரிசெய்ய வேண்டும். 1954ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ஸ்ட்ராட்டோகாஸ்டரில் கம்பியின் அதிர்வை மின்னலையாக மாற்றும் மூன்று பிக்கப்புகளும், ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களும், மாற்றுச் சாவியும் தகட்டின் மேலேயே பொருத்தப்பட்டன. தனி மேசையில் தகட்டில் எல்லாவற்றையும் பூட்டி, ஈயப் பற்று வைத்து முடித்த பிறகு, அதை மர உடலில் கவிழ்த்துத் திருகிவிடலாம். முதலில் 8 திருகாணிகள். 1959 முதல் மூன்று அடுக்குத் தகடும் 11 திருகாணிகளும். தகட்டின் அடியில் மரத்தைக் குடைந்த பள்ளங்கள் இருக்கும். ஆகவே இங்கே தகடு வெறும் காப்பன்று. கருவியின் முகமும் நெஞ்சும் அதுவே.

இரண்டாவது கிப்சன் பள்ளி. 1952ஆம் ஆண்டில் வந்த லெஸ் பால் கிட்டாரில் பிக்கப்புகள் உடலிலேயே சட்டமிட்டு அமர்ந்திருக்கும். குமிழ்களுக்கான மின்கம்பிகள் பின்பக்கம் வழியாகச் சென்று ஒரு மூடிக்குள் மறையும். முன்பக்கத் தகடு சிறியது, தாங்கியில் மிதப்பது, பழைய வளைமுகப்புக் கிட்டாரின் வழிவந்தது. அதைக் கழற்றினால் இரண்டொரு சிறு துளைகள் தெரியும். ஒலிக்கு ஒரு குறையும் இல்லை.

1958 முதல் 1960 வரை செய்யப்பட்ட லெஸ் பால் கிட்டார்களில் பலவற்றின் முகப்பில் மேப்பிள் மரத்தின் நெளிநெளியான வரிகள் தீக்கொழுந்துபோல் மெருகின் ஊடே தெரியும். அந்த வரிகளைக் காண வேண்டும் என்பதற்காகவே பல கலைஞர்கள் தகட்டைக் கழற்றி வைத்தார்கள். 1985ஆம் ஆண்டில் தொடங்கிய பால் ரீட் ஸ்மித் நிறுவனம் இந்த மனப்போக்கை முதலிலிருந்தே ஏற்று, வரி பாய்ந்த மரத்தைத் தகடின்றிக் காட்டும் கிட்டார்களால் புகழ் பெற்றது.

ஆக, “தகடு வேண்டுமா வேண்டாமா?” என்ற கேள்வி ஒன்றாகத் தோன்றினாலும் இரு பள்ளிகளிலும் அதன் பொருள் வேறு. ஒன்றில் அது சட்டைப் பையை வைத்துக்கொள்ளலாமா என்ற கேள்வி. மற்றொன்றில் சட்டையே வேண்டுமா என்ற கேள்வி.

வீணை சொல்லும் விடை

நம் விடுதியிலிருந்து நகருக்குள் சென்று தைக்காட்டை அடைந்தால் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி இருக்கிறது. 1939ஆம் ஆண்டில் தொடங்கிய அந்நிலையத்தின் முதல் தலைவர் திருநெல்வேலிச் சீமையின் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர். 1962ஆம் ஆண்டில் அது சுவாதித் திருநாள் பெயரை ஏற்றது. வீணை வித்துவான் கே. எஸ். நாராயணசுவாமி பல்லாண்டு கற்பித்த இடமும் அதுவே. தகட்டைப் பற்றிய வழக்கில் அங்குள்ள வீணையையும் சாட்சிக் கூண்டில் ஏற்றுவோம்.

வீணையின் குடம் பலாமரம். அதன் மேற்பலகையில் பிக்கார்டு இல்லை. ஏன்? வீணைக்காரர் ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் தந்தியை ஒவ்வொன்றாக மீட்டுகிறார். எல்லாத் தந்திகளையும் சேர்த்து வீசி அடிப்பதில்லை. மெழுகின் மேல் பதித்த 24 மெட்டுகளுக்கும் மேலே தந்தி செல்வதால், பலகைக்கும் விரலுக்கும் நல்ல இடைவெளி உண்டு. உரசல் இல்லாத இடத்தில் காப்புக்கு வேலை இல்லை. மேற்பலகையில் இருப்பது ஒலித்துளைகளைச் சுற்றிய பூவேலையும் ஓரத்தில் பதித்த கோட்டணியுமே. பலகையின் நடுப்பரப்பை வீணை செய்தவர்கள் மரத்திற்கே விட்டுவிட்டார்கள்.

கர்நாடக இசையை மின்கருவியில் வாசித்தவர்களுக்கும் இது பொருந்தும். மறைந்த மாண்டலின் சீனிவாசன் மின் மாண்டலினில் பிக் கொண்டுதான் வாசித்தார். ஆனால் கமகம் பிறப்பது இடக்கையில். வலக்கை ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுச் செல்வது. வீச்சடி வாசிப்புக்கு வேண்டிய அளவு காப்பு இத்தகைய வாசிப்புக்கு வேண்டியதில்லை. இந்நகரில் தோன்றிய அவியல் குழு நாட்டுப் பாடலையும் ராக் இசையையும் இணைத்து 2008ஆம் ஆண்டில் தன் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அவ்வகை இசையில் வீச்சடியே உயிர். அங்கே காப்புக்கு முழு வேலை. ஒருவருடைய கருவிக்குத் தகடு பொருந்துமா என்பதை அவர் வாசிக்கும் இசையே பாதி தீர்மானிக்கிறது.

ஆமையோடும் யானைத் தந்தமும்

தகட்டின் அழகைப் பேசும்போது, அந்த அழகுக்கு யார் விலை கொடுத்தார் என்பதையும் கேட்க வேண்டும். பழைய மாண்டலின்களிலும் கிட்டார்களிலும் பழுப்பும் கறுப்பும் கலந்த மின்னும் தகடு இருக்கும். அழுங்காமை என்னும் கடலாமையின் ஓடு அது. நம் வீணையின் ஓரத்தில் அன்று இழைத்தது யானைத் தந்தமும் மான்கொம்பும். திருவனந்தபுரம் தந்த வேலைக்குப் பெயர் பெற்ற ஊர். திருவிதாங்கூர் மன்னர் அனுப்பிய தந்தச் சிம்மாசனம் 1851ஆம் ஆண்டு இலண்டன் பொருட்காட்சியில் வைக்கப்பட்டது.

1870ஆம் ஆண்டை ஒட்டி அமெரிக்காவில் செல்லுலாய்டு தோன்றியது. தந்தத்தால் செய்த பில்லியர்டு பந்துகளுக்கு மாற்றுத் தேடியவர்கள் கண்ட பொருள் அது. ஆமையோட்டின் புள்ளிகளையும் அது நகல் செய்தது. கிட்டார்த் தகடுகளும் செல்லுலாய்டாயின. அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக உடன்பாடு 1973ஆம் ஆண்டில் உருவானது. இந்தியாவில் 1986ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இந்திய யானைத் தந்த வணிகத்தைத் தடுத்தது. இன்று கிட்டாரின் ‘ஆமையோட்டுத் தகடு’ பிளாஸ்டிக்; வீணையின் ஓரமும் பெரும்பாலும் பிளாஸ்டிக். “பிளாஸ்டிக் மலிவு, அழகன்று” என்று முகம் சுளிப்பவர்கள் அதனால் பிழைத்த ஆமைகளையும் யானைகளையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கட்டும்.

செல்லுலாய்டுக்கும் குறை உண்டு. காலப்போக்கில் அது சுருங்கும். தகட்டை மரத்தோடு நேரே ஒட்டிய பழைய கிட்டார்களில், தகடு சுருங்கும்போது பலகையையும் இழுத்து விரிசல் உண்டாக்கிய கதை பழுது பார்ப்பவர் அனைவருக்கும் தெரியும். காக்க வந்ததே கெடுத்த கதை! ஆகவே காப்பு என்று பெயர் வைத்தால் மட்டும் போதாது. அது உண்மையில் காக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நான்கு கேள்விகள்

இனித் தீர்ப்புக்கு வருவோம். ஒரு கிட்டாரைக் கையில் எடுத்தவர் பின்வரும் நான்கையும் வரிசையாகக் கேட்க வேண்டும்.

1. தகட்டை எடுத்தால் கருவி வாழுமா? ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் வாழாது. லெஸ் பால் வகையில் வாழும். 1950ஆம் ஆண்டில் பிறந்த டெலிகாஸ்டர் இடைப்பட்டது. அதில் தகடு சிறியது, எடுத்தாலும் ஒலிக்கும். ஆனால் அடியில் உள்ள பள்ளம் பல்லிளிக்கும்.

2. அடியில் என்ன இருக்கிறது? வரியோடிய நல்ல மரமா? அப்படியானால் அதை மூடுவது பட்டுப் புடவைக்கு மேல் மழைக்கோட்டு. ஒரே நிறச் சாயமா? அங்கே தகடு ஒரு மாற்று நிறம் தந்து கண்ணுக்கு ஓய்வளிக்கும். இங்கிலாந்தின் டேவிட் கில்மோர் தம் கறுப்புக் கிட்டாரில் இருந்த வெள்ளைத் தகட்டை 1974ஆம் ஆண்டில் கறுப்புத் தகடாக மாற்றினார். உடல் அதே, முகம் புதிது. அந்தக் கருங்கிட்டார் 2019ஆம் ஆண்டில் ஏறத்தாழ 40 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. தகட்டின் நிறம் கருவியின் தோற்றத்தையே மாற்றும் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

3. எப்படி வாசிக்கிறீர்கள்? வீசி அடிப்பவருக்குக் காப்பு வேண்டும். விரலால் மீட்டுபவருக்கு வேண்டாம்.

4. தகட்டின் விளிம்பு உடலின் விளிம்போடு ஒத்துப்போகிறதா? இதுவே தூய அழகுக் கேள்வி. கிப்சனின் எஸ்.ஜி. உடலமைப்பை எடுத்துக்கொள்ளுங்கள். 1961ஆம் ஆண்டில் இரட்டைக் கொம்போடு அது வந்தபோது தகடு சிறியது. கம்பிகளின் ஒரு பக்கமே ஒதுங்கி நின்றது. 1966ஆம் ஆண்டில் வௌவால் சிறகுபோல் இரு பக்கமும் விரிந்த பெரிய தகடு வந்தது. உடல் ஒன்று, தகடு இரண்டு. இரண்டின் படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சிறிய தகட்டில் கொம்புகளின் வளைவு தெளிவாகத் தெரிகிறது. பெரிய தகட்டில் தகடே முதலில் தெரிகிறது. எனக்குச் சிறியதே பிடிக்கிறது. ஆனால் பெரியதை விரும்புவோர் கண்ணற்றவர் அல்லர். அவர்கள் வேறொரு சமநிலையைக் காண்கிறார்கள். முதல் மூன்று கேள்விகளுக்கு விடை கருவியிலும் கையிலும் உண்டு. நான்காவதில்தான் சுவைக்கு இடம்.

தமிழ்ச் சொற்களும் நமக்கு ஒன்று கற்பிக்கின்றன. ‘காப்பு’ என்றால் பாதுகாப்பு. கையில் அணியும் வளையும் காப்பே. ‘பூண்’ என்றால் அணிகலன். உலக்கையின் முனை பிளக்காமல் இருக்க மாட்டும் இரும்பு வளையமும் பூணே. காப்பதையும் அணிவதையும் ஒரே சொல்லால் குறித்தவர்கள் நம் முன்னோர். உலக்கைக்குப் பூண் அழகாக இருக்கிறதே, ஏன்? அது தேயும் இடத்தில் இருப்பதால். கைப்பிடிக்கும் நடுவிடத்தில் பூண் மாட்டினால் ஒருவரும் அழகு என்று சொல்லமாட்டார், உள்ளங்கையும் சொல்லாது.

ஆகவே என் தீர்ப்பு இது: தகட்டோடு பிறந்த கிட்டாருக்குத் தகடே அழகு. மரத்தைக் காட்டப் பிறந்த கிட்டாருக்குத் தகடின்மையே அழகு.

கட்டிலின் மேல் கிடந்த கிட்டார்

இவ்வளவும் ஆராய்ந்து அறிந்தபின் நாங்கள் கிட்டாரைத் தொட்டோம் என்று நீங்கள் நினைத்தால் அது எங்களுக்கு நீங்கள் அளிக்கும் மரியாதை. உண்மை வேறு. அன்றிரவு ஒரு மணிக்குக் கழற்றும் கட்சி வென்றது. அந்தக் கட்சியில் நானும் இருந்தேன். திருப்புளியும் என் கையில்தான் இருந்தது.

கம்பிகளைத் தளர்த்திப் பதினொரு திருகாணிகளையும் எடுத்தோம். இவ்வூரின் ஈரக் காற்றில் இரண்டு துருப்பிடித்து முரண்டு செய்தன. தகட்டை ஆர்வத்தோடு தூக்கினேன். அது தனியாக வரவில்லை. பிக்கப்புகளும் குமிழ்களும் குடலைப் போல் மின்கம்பிகளும் தொங்கிக்கொண்டு வந்தன. ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பி ஒன்று பற்று விட்டு அறுந்தது. உடலில் வெறும் பள்ளம். பள்ளத்தைச் சுற்றித் தகடு மூடியிருந்த இடத்தில் மட்டும் நீலம் புத்தம் புதிதாக இருந்தது. வெளியே நாங்கள் நீலம் என்று நினைத்தது வெயிலில் வெளுத்த நிறம். அண்ணன் வாங்கிய நாளில் கிட்டார் எப்படி இருந்தது என்பதைத் தம்பி அன்றுதான் கண்டார். அவர் ஒன்றும் பேசவில்லை. எனக்கும் பேச நா எழவில்லை.

மறுநாள் சாலைக் கடைத்தெருவில் வானொலிப் பெட்டி பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனோம். தமிழர். உள்ளே பார்த்தார், சிரித்தார். “தம்பி, இது மூடின்னு நினைச்சீங்களா? பாட்டு பூரா இதுலதானே இருக்கு” என்றார். அறுந்த கம்பிக்கு ஈயப் பற்று வைத்தார். அரை மணி நேரத்தில் கிட்டார் பேசியது. கிட்டாரை அவர் அதற்குமுன் கையில் எடுத்ததில்லையாம். ஆனால் லியோ பெண்டரும் வானொலி பழுது பார்த்தவர்தானே! தொழில் தெரிந்தவருக்கு உள்ளமைப்பு புரிந்தது; அழகைப் பற்றி இரவெல்லாம் வாதிட்ட எங்களுக்குப் புரியவில்லை.

புதுத் தகடு வாங்கித் தருகிறேன் என்று நண்பரிடம் சொன்னேன். தவறு என்னுடையது அன்றோ? அவர் பழைய தகட்டை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். கம்பிகளின் கீழே ஓரிடத்தில் கீறல்கள் நெருக்கமாக, ஒரே சாய்வில் இருந்தன. “அண்ணன் கை இப்படித்தான் போகும்” என்றார். புதுத் தகடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பொங்கல் விழாவில் அந்தக் கிட்டார் மஞ்சளித்த தகட்டோடுதான் மேடை ஏறியது. பின் வரிசையில் அமர்ந்திருந்த எனக்குத் தகட்டின் மஞ்சள் தெரியவில்லை. நீலத்தின் மேல் ஒரு வெளிச்சம் மட்டும் தெரிந்தது. பாட்டு நன்றாகக் கேட்டது.

நண்பர்களே, ஒரு பொருளில் எது வேண்டாதது என்று முடிவு செய்யும் முன், அது எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். திருப்புளியை அதற்குப் பிறகு எடுக்கலாம்.